நாற்பத்தேழாம் பக்கத்து இடதுகைக்காரன்

டாலிவர், பென்சில்வேனியா
1984 மே, தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து நடந்த மறுவாரம்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திருமதி லிண்ட்க்விஸ்ட் அம்மா அவர்களுக்கு,

லெனர்ட் வாசிக் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி பெர்னீஸும் முழங்கால் வலி நீங்கலாக நலம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க.

எங்கள் ஊர் பேஸ்பால் அணியான டாலிவர் டேனர்ஸின் கதையைப் பழைய புகைப்படங்களாகவே சொல்லும் புத்தகம் ஒன்றைத் தாங்கள் அச்சுக்குக் கொடுக்கப்போவது அறிந்து ஊரே மகிழ்கிறது. நானும் மகிழ்ந்துகொண்டுதான் இருந்தேன். இப்போது அதன் நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். "கேசிமிர் வாசிக், இரண்டாம் பேஸ், 1929" என்று கீழே போட்டு அங்கே ஒருத்தன் நிற்கிறானே, அவன் என் அப்பா இல்லை. யாரோ. யாரென்று எனக்குத் தெரியும், வரிசையாகச் சொல்கிறேன்.

என் அப்பா டேனர்ஸுக்குச் சம்பளத்துக்கு ஆடியது ஒரே ஒரு சீசன். அப்புறம் சாகும்வரை தோல் ஆலை. ஆடியதைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார். ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பழுப்பேறிய கையோடு ஆலையிலிருந்து வரும் வாசிக்கைத்தான் தெரியும். மதுக்கடையில் நான் எடுத்துச் சொன்னால், "உங்கப்பனா? மட்டை பொறுக்கிப் போட்டிருப்பாரு லென், அதையும் ஆட்டம்னு சொல்லலாம்" என்று சிரிப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை முழுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் போனபிறகு பரணில் ஒரு கம்பளிக் காலுறைக்குள் புகைப்படக்காரர்கள் அந்தக் காலத்தில் படம் பிடிக்கிற கண்ணாடித் தகடு கிடைத்தது. சீருடையில் அப்பா. அதில் வெளுப்பும் கறுப்பும் இடம் மாறி, முகமும் சட்டையும் கறுப்பாக, தொப்பி வெளுப்பாக, பேய் மாதிரித் தெரியும். காகிதத்தில் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. உங்கள் புத்தகத்தில்தான் முதல்முதலாகப் பார்க்கப்போகிறேன் என்று இருந்தேன்.

உங்களுக்காக இங்கே படம் சேர்க்கிறவன் ஹோரஸ் ட்ரெட்வே. என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். இரும்புக்கடை வைத்திருந்தான், எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான், அப்படிப்பட்டவனை எப்படி நம்புவது? அதனால் தகட்டைக் கொடுக்கும்போதே அவனுக்கு முன்னால் ஒரு சீட்டு எழுதி நானே ஒட்டினேன்: "இந்தப் பக்கம்தான் முன்பக்கம். யாரும் கை வைக்கக் கூடாது. லெ. வாசிக்." ஒட்டியதைப் பார்த்துவிட்டு அதற்கும் "பார்க்கலாம்" என்றான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

பான்கேக் விருந்தில் அச்சுக்குப் போகும் முன் ஊரார் பார்க்கட்டும் என்று பக்கங்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தேன். தொப்பியில் டேனர்ஸின் ஆங்கில "T" எழுத்து, சட்டை, காலடியில் இரண்டாம் பேஸைக் காட்டும் மூட்டை, எல்லாம் சரி. ஆனால் அம்மா, அந்த ஆள் கையுறையை வலது கையில் போட்டிருக்கிறான். அப்படியென்றால் எறிவது இடது கையால். இரண்டாம் பேஸில் இடதுகைக்காரனை எந்த ஊரிலாவது நிறுத்துவார்களா? பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிய அவன் உடம்பையே ஒரு சுற்று சுற்றவேண்டும், அதற்குள் ஓடுகிறவன் போய்ச் சேர்ந்து மூச்சும் வாங்கிவிடுவான். போதாக்குறைக்கு அப்பாவின் மச்சம் இடது கன்னம், இவனுக்கு வலது கன்னம். என் கையிலிருந்த தட்டு சாய்ந்து பாகெல்லாம் நாற்பத்தெட்டாம் பக்கத்து மேனேஜர் தலையில் கொட்டிவிட்டது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கோருகிறேன்.

ஊரில் பேர்போன இடதுகைக்காரர் யார்? ட்ரெட்வேயின் அப்பா டூயி ட்ரெட்வே, பந்து எறிபவர். இப்போது புரிகிறதா? தன் அப்பனை என் அப்பன் இடத்தில் நிறுத்திவிட்டான். மச்சம் கூட மையால் வைத்திருப்பான், பக்கம் மாற்றி வைத்துவிட்டான், முட்டாள்.

சும்மா பழி போடுகிற ஆள் இல்லை நான். ஆதாரம் தேடினேன். ட்ரெட்வே வீட்டுக் காது மடல் கன்னத்தோடு ஒட்டின காது, படத்திலும் காது ஒட்டினாற்போல்தான் பட்டது. சரிபார்க்க, எமிலின் முடிவெட்டும் கடையில் அவன் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தபோது பின்னால் போய் அவன் காது மடலைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன்.

"என்னடா பண்றே லென்?"

"ஒண்ணுமில்ல. உங்கப்பா காது எப்படி இருக்கும்?"

"எங்கப்பா காதா? நீ பக்கத்தப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கே. எங்கப்பா இரண்டாம் பேஸ்ல நின்னா ஊரே சிரிச்சிருக்கும்டா. கொஞ்சம் யோசி."

"யோசிச்சுட்டேன். தகட்ட மாத்திட்டே."

"கைகூட வைக்கலடா. நீதான் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தியே."

எமில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சண்ட போடணும்னா வாசல்ல போடுங்க, பாதி தலைதான் வெட்டியிருக்கேன்" என்றார். ட்ரெட்வே சிரித்தான். குற்றமில்லாதவன் எதுக்குச் சிரிக்கணும், நீங்களே சொல்லுங்க.

அப்புறம் மைதானத்துக்கே போய், வலது கையில் கையுறை மாட்டி, அந்த ஆள் மாதிரியே இரண்டாம் பேஸில் நின்று பார்த்தேன், எறிய முடியுமா என்று. திரும்பும்போது முழங்கால் பிசகி உட்கார்ந்துவிட்டேன். நான் இருப்பது தெரியாமல் புல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். நனைந்து வீட்டுக்கு வந்தால் பெர்னீஸ், "மாமாவுக்காக இவ்ளோ பண்றீங்களே, அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல, எப்படி ஆடினீங்கன்னு?" என்கிறாள். கேட்டிருக்கலாம்தான். பயமாக இருந்தது. அவரும் மட்டை பொறுக்கினேன்னு சொல்லிட்டா?

ஆகவே அம்மா, அந்நியன் ஒருவன் என் அப்பா பேரில் நிற்பதைவிட அப்பா படமே இல்லாமல் புத்தகம் வருவது மேல். பக்கத்தை எடுத்துவிடுங்கள், நன்றியுரையில் இருக்கும் ட்ரெட்வேயின் பேரையும் எடுத்துவிடுங்கள். இதன் நகலை அவனுக்கும் அனுப்பியிருக்கிறேன், படிக்கட்டும்.

தங்கள் அச்சு இயந்திரம் மை சிந்தாமல் ஓடவும், தங்கள் குடும்பத்தார் சுகமாக இருக்கவும் வாழ்த்தும்,
லெனர்ட் வாசிக்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதையும் எழுத வேண்டியதாயிற்று. இன்று காலை முகம் மழித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தோடு வைக்க நான் வாங்கி வந்திருந்த நாற்பத்தேழாம் பக்கத்தை பெர்னீஸ் பின்னால் வந்து என் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "கண்ணாடியில பாருங்க" என்றாள். பார்த்தேன். கையுறை இடது கையில். மச்சம் இடது கன்னத்தில். தொப்பியில் இருக்கிற "T" பாழாய்ப்போன எழுத்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான், அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை. அம்மா, அது என் அப்பா. இருபது வயசுக்காரர், எறியப் போகிறார். பாதி முகத்தில் சோப்போடு அழுதுவிட்டேன்.

"அந்தச் சீட்டத் தகட்டோட எந்தப் பக்கம் ஒட்டினீங்க?" என்று பெர்னீஸ் கேட்டாள். பின்பக்கத்தில்தான் போலிருக்கிறது.

உடனே ட்ரெட்வேக்குப் போன் போட்டேன். நகல் அவனுக்கு வந்திருந்தது. "நீ சீட்ட பக்கம் மாத்தி ஒட்டியிருக்கேன்னு கொண்டுவந்த அன்னிக்கே தெரியும்டா" என்றான். "அப்ப ஏண்டா திருப்பல?" என்றேன். "திருப்பியிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

கை வைத்துவிட்டான் என்று சொல்லியிருப்பேன். தயவுசெய்து படத்தைத் திருப்பி அச்சடியுங்கள். நன்றியுரையில் அவன் பேரை என் அப்பா பேருக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.