அரசாங்க நாக்கு

எங்கள் கான்சாஸ் மாநிலத்தில் கோதுமைக்கு அடுத்தபடியாகச் செழித்து வளர்வது மதுவிலக்கு. எல்ம் ஃபோர்க் ஊரில் அதை நீரூற்றி வளர்த்தவர்கள் மகளிர் மதுவிலக்குச் சங்கத்தார். சங்கத்தின் செயலாளர் டபித்தா ப்ரூயிட். அவள் கணவர் ஈனாக் ப்ரூயிட் ஊரின் முதன்மைக் குடிகாரர். இரண்டு பதவிகளும் ஒரே வீட்டில் இருந்தது சங்கத்துக்கு வசதி. கூட்டத்தில் உதாரணம் காட்ட வெளியே அலைய வேண்டியதில்லை.

நான் அப்போது நீதிமன்ற எழுத்தர். ஒரு நாள் ஷெரிஃப் ஹேகன், க்ளெம் ராட்கிளிஃப் என்பவனுடைய வைக்கோல் கொட்டகையிலிருந்து பன்னிரண்டு பாட்டில்களைப் பிடித்து, அவனையும் சேர்த்து மன்றத்துக்குக் கொண்டுவந்தார்.

"பாட்டில்ல என்ன?" என்று கேட்டார் நீதிபதி.

"விஸ்கிங்கய்யா."

"குடிச்சுப் பாத்தீரா?"

ஷெரிஃப் நெஞ்சில் கை வைத்தார். "பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்லீங்க!"

"அப்போ அது விஸ்கின்னு உமக்கு எப்படித் தெரியும்?"

க்ளெம் பணிவாக எழுந்தான். "குதிரைக்குத் தேய்க்கிற தைலம்தான் ஐயா அது."

விஸ்கியின் ருசி அறிந்தவர் யாராவது சாட்சி சொல்ல முன்வரலாம் என்றார் நீதிபதி. அது தேர்தல் ஆண்டு. மன்றத்தில் இருந்த அறுபது பேரும் கூரையைப் பார்த்தோம். முந்தின நாள் தெருவில் விழுந்து கிடந்ததற்காகக் கைதிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஈனாக் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கினார்.

ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். "சோளம். போன மாசம் காய்ச்சினது. செம்புக் குழாய்க்குப் பதிலா பழைய கார் ரேடியேட்டரை வச்சிருக்கான், கஞ்சப்பய."

"பொய்!" என்று குதித்தான் க்ளெம். "சுத்தமான செம்புக் குழாய்!"

வழக்கு முடிந்தது. மறுவாரமே ஈனாக் 'மாவட்டச் சுவைப் பரிசோதகர்' ஆனார். விதிகள் வகுக்கப்பட்டன. ஒரு பாட்டிலுக்காக இன்னொரு பாட்டில் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குடிக்க வேண்டும். பரிசோதகர் தள்ளாடினால் உள்ளே இருந்தது மது என்பது நிரூபணம். தள்ளாடாவிட்டால் பரிசோதனை போதவில்லை, தொடர வேண்டும்.

டபித்தா நீதிபதியிடம் ஓடி வந்தாள். "ஐயா, குடிக்காதீங்கன்னு இருபது வருஷமா அவர்கிட்ட மன்றாடுறேன்!"

"முன்னாடி அவர் குடிச்சது குத்தம்மா. இப்ப குடிக்காட்டிதான் குத்தம்."

இரண்டு ஆண்டுகள் போயின. ஒரு காலை ஈனாக்கால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. "போதும் டபித்தா," என்றார். "எனக்கு வேணாம்." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பொத்தானைப் போட்டுவிட, இருவரும் மூன்று நாள் காப்பி குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

நான்காம் நாளுக்குள் பதினேழு வழக்குகள் தேங்கிவிட்டன. மதுவிலக்குக்கு ஆபத்து என்று சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. செயலாளருக்குச் சொல்லாமலே போட்டது. சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அவள் வீட்டு வாசலில் மண்டியிட்டுப் பாட்டுப் பாடினார்கள்.

"கதவைத் தெறங்க, ஈனாக்!" என்று கண்ணீர் விட்டாள் தலைவி. "இந்த மாநிலத்துக் கொழந்தைகளுக்காகக் குடிங்க!"

மத்தியானம் வரை பாடினார்கள். பாட்டு தாங்காமல் ஈனாக் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

1934-இல் மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வந்தது. வேண்டும் என்று பிரசாரம் செய்தவர்களில் க்ளெம்தான் முன்னணி. கடையில் நல்ல சரக்கு கிடைத்தால் அவன் சரக்கை யார் சீண்டுவார்கள்? எங்கள் ஊரில் மதுவிலக்குக்கு ஆதரவாக அறுநூற்றுப் பதினொரு வாக்கு. எதிராக ஒன்று.

அந்தத் துரோகி ஈனாக்தான் என்று ஊரே அவர் வீட்டுக்குத் திரண்டது. டபித்தா கதவைத் திறந்தாள்.

"அது நான் போட்ட ஓட்டு."

"நீயா? சங்கத்துச் செயலாளரா?" என்று கத்தினாள் தலைவி.

"சாராயத்தைக் கடையில வித்தா அதுக்கு ருசி பாக்க ஆள் தேவைப்படாது. அவர் வேணாம்னு சொன்னா நீங்க யாரும் என் வாசல்ல வந்து பாட மாட்டீங்க."

மது ஆதரவாளர் என்ற குற்றத்துக்காக அன்றே அவளைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். மாவட்டத்திலேயே மதுவிலக்குக்காக அதிகம் உழைத்தவர் என்று ஈனாக்கைக் கௌரவத் தலைவராக்கினார்கள்.

பாராட்டு விழாவுக்கு ஊரே வந்தது. அவர் நீடூழி வாழ எல்லோரும் கோப்பையை உயர்த்தினோம். கோப்பையில் என்ன இருந்தது என்று சொல்லும் அதிகாரம் மாவட்டத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் மேடை மேசையில் தலை கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே, சட்டப்படி எங்கள் யாருக்கும் தெரியாது.

டபித்தா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அவருடைய கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகவே படியிறக்கி அழைத்துப்போனாள். ஒரு கை கொடுக்கலாமென்றுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆனால், கை எதுவும் காலியாக இல்லை.