வண்டுகள் சுகமோ?

கல்யாணம் முடித்து ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லாத வீட்டில் எந்தப் பூச்சி கூடு கட்டினாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. இந்த அறிவு எனக்கு வந்து சேர்ந்தபோது மனைவியின் தாயான மாமி பலகாரப் பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில், ஆஹென் நகருக்கு வெளியே, சின்னத் தோட்டத்தோடு கூடிய வீடு ஒன்றுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம். முன்பு இருந்தவர்கள் குசினிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப் பெட்டியை விட்டுப் போயிருந்தார்கள். குருவி கூடு கட்டுவதற்கான பெட்டி. குருவி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மே மாதத்தில் ஒரு காலை அந்த ஓட்டையிலிருந்து வெளியே வந்தது குருவியில்லை. உடம்பெல்லாம் மயிர், பின்பக்கம் வெள்ளை, குளிர்கால ஜாக்கெட்டைக் கழற்ற மறந்துபோன ஒரு தடித்த வண்டு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் எண்ணுவதற்கு நான் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். தலையில் சைக்கிள் ஹெல்மெட், உடம்பில் மனைவி சுகந்தியின் மழைக் கோட், கையில் இடியப்ப உரல். (உரல் எதற்கு என்று இன்றுவரை கேட்கிறார்கள். கைக்கு அகப்பட்டது அதுதான்.) வேலிக்கு அப்பால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹெர் ஷ்மிட் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது ஹும்மல்," என்றார். "தேனீ இனம், சாதுவான சீவன். பெட்டியைத் தட்டாதே, அவை பறக்கும் வழியில் நிற்காதே. உன்னைத் திரும்பியும் பார்க்காது. கை வைக்கச் சட்டமும் விடாது. கோடை முடிந்தால் தானாகவே இல்லாமல் போய்விடும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஃபிரிட்ஜ் வாங்குவதற்கே லண்டன், பாரிஸ், டொரொண்டோ எல்லாம் கருத்துச் சொல்ல வேண்டும். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். 'குசினி வாசல்ல வண்டு கூடு கட்டியிருக்கு. உடைக்கிறதோ, விடுறதோ?'

என் பிறந்தநாளுக்குக்கூட அவ்வளவு பேர் எழுதியதில்லை. கும்பிட்ட கைகள், குத்துவிளக்கு, பூக்கள். 'உடைக்கவே கூடாது' என்று லண்டன் சித்தி. 'முருகா' என்று மட்டும் பாரிஸ் பெரியப்பா. எங்கள் சனத்துக்கு இயற்கை மேல் இவ்வளவு பற்றா என்று எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. அந்தப் பெருமையில் நான் இருந்தபோதுதான் மாமி போன் எடுத்தார்.

"தம்பி, கூட்டில கை வைச்சுப்போடாதேங்கோ."

"இல்லை மாமி, வைக்கேல்லை."

"சுகந்தி வேலையில பாரம் தூக்கிறவளோ?"

சுகந்தி முதியோர் இல்லத்தில் தாதி. தூக்காமல் எப்படி? "ஓம் மாமி, தூக்கிறவ."

"இனித் தூக்க விடாதேங்கோ. நான் ஒண்டும் கேக்கேல்லை. அவள் தானாச் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை வாறன்."

மகளின் முதுகுவலியில் என்ன அக்கறை என்று நினைத்தேன். அன்றைக்கு என் மண்டைக்குள் வைக்கோலைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது.

சுகந்திக்கு இது எதுவும் தெரியாது. "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டே அவள் அந்தக் குழுவை விட்டு எப்போதோ விலகியிருந்தாள். அவர்களுக்கும் ஒன்று தெரியாது. நாங்கள் அந்த வருஷம் ஒரு வைத்தியரிடம் போய்வந்துகொண்டிருந்தோம். இந்த முறையும் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பும் நாட்களில் சுகந்தி உடுப்பு மாற்றாமல் நேரே தோட்டத்துக்குப் போவாள். அழுதால் எனக்குத் தெரியக் கூடாதென்று தோட்டம்.

வண்டுகள் வந்த பிறகு அவள் போனது அந்தப் பெட்டியடிக்கு. கொஞ்சம் தள்ளிக் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்து, காலில் மகரந்த உருண்டையோடு அவை வேலை முடிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகவே நான் அவை பறக்கும் வழியில் கிடந்த கொடிக்கயிற்றை அவிழ்த்து மற்றப் பக்கம் கட்டினேன். குசினிக் கதவை அடித்துச் சாத்துவதை விட்டேன். "ஆக்கள் வீட்டை வந்திட்டினம்" என்று அவள் சொல்லும்போது குரலில் பழைய சிரிப்பு கொஞ்சம் இருந்தது. அதற்காக நான் அந்த வண்டுகளுக்கு வாடகையில்லாமல் முழு வீட்டையும் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தார். பைகளில் பயற்றம் பணியாரம், முட்டைமா, மாங்காய் ஊறுகாய், கோயில் அர்ச்சனை விபூதி. செருப்பைக் கழற்றியதும் நேரே பெட்டியடிக்குப் போய்க் கும்பிட்டார். சுகந்தி உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாமி பாய்ந்து போய்க் கூடையைப் பறித்தார்.

"உனக்கென்ன விசரே? இந்த நேரத்தில பாரம் தூக்கலாமோ?"

"எந்த நேரத்தில?"

"எனக்கும் ஒளிக்கப் போறியோ பிள்ளை? மாப்பிள்ளை படம் போட்டவர்தானே. வீட்டில கூடு கட்டினா வயித்தில பிள்ளை எண்டு அர்த்தம். குளவியோ வண்டோ, கூடு கூடுதான்."

இந்த நம்பிக்கை பெண்களுக்கு மட்டும் அனுப்பப்பட்ட சுற்றறிக்கை போலிருக்கிறது. எனக்கு ஒரு பிரதியும் வரவில்லை. சுகந்தி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். ஹெல்மெட் எங்கே வைத்தேன் என்று யோசித்தேன்.

"எங்க படம் போட்டனீங்கள்?"

"குழுவில," என்றேன். "சும்மா... உடைக்கிறதோ விடுறதோ எண்டு..."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"டொரொண்டோவில பாயாசம் காய்ச்சினவையாம்," என்றார் மாமி, இன்னும் முகம் நிறையச் சந்தோஷத்தோடு.

சுகந்தி கதிரையில் உட்கார்ந்தாள். "அப்பிடி ஒண்டுமில்லை அம்மா," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியர், ஊசிகள், சரிவராமல் போன தடவைகள். குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமி கூடையை இடுப்பில் வைத்தபடியே நின்றார். ஐந்து வருஷமாக ஒவ்வொரு போனிலும் "விசேஷம் இல்லையோ" என்று கேட்டவரும் அவர்தான். வண்டுகள் தங்கள் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தன.

மாமி கூடையைக் கீழே வைத்தார். ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து மகளின் வாயில் வைத்தார். "ஊறுகாய் தின்னவும் காரணம் வேணுமோ? தின்."

சுகந்தி புளிப்பில் கண்ணைச் சுருக்கினாள். பிறகு ஏன் என்று தெரியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாயின் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நான் உதவியாக இருக்கட்டும் என்று தண்ணீர் எடுக்கப் போய், திரும்பி வெளியே வரும்போது குசினிக் கதவை அடித்துச் சாத்திவிட்டேன். ஒரு வண்டு வெளியே வந்து என் மூக்குக்கு நேரே நின்று பார்த்துவிட்டுப் போனது. குத்தவில்லை. எனக்குக் கிடைக்கவேண்டியதை நினைத்தால் அது பெரிய மனசு.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு விரலால் குழுவில் எழுதினார். 'அது வெறும் வண்டுக்கூடு. மாப்பிள்ளைக்கு விளங்கேல்லை. இனி ஒருத்தரும் என்ர பிள்ளையளிட்டை விசேஷம் கேக்கக் கூடாது. கேக்கிறதெண்டா வண்டைப் பற்றிக் கேளுங்கோ.'

எங்கள் சனத்துக்குக் கேட்காமல் இருக்க ஏலாது. ஆகவே சொன்னபடியே செய்தார்கள். அன்றையிலிருந்து எங்களை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. கல்யாண வீடானாலும் சரி, செத்த வீடானாலும் சரி, கையைப் பிடித்து, "வண்டுகள் சுகமோ?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் மாரிக் குளிரில் பெட்டியைத் துப்புரவாக்கிப் பாசி வைக்கிறோம். வசந்தத்தில் புது ஆக்கள் வந்தவுடன் சுகந்தி அறிவிக்கிறாள். குழுவுக்கு அவள் திரும்பி வந்துவிட்டாள். டொரொண்டோவில் பாயாசம் காய்ச்சுகிறார்கள்.

போன வருஷம் பெட்டிக்கு ஒருவரும் வரவில்லை. மே போய் ஜூனும் பாதியாகிவிட்டது. ஒருநாள் லண்டன் சித்தி போன் எடுத்தார். குரலை நன்றாகத் தாழ்த்தி, "கவலைப்படாதேங்கோ பிள்ளை, எல்லாத்துக்கும் நேரம் வரோணும்," என்றார். பிறகு கேட்டார்.

"நல்ல டொக்டர் ஆரிட்டையும் பெட்டியைக் காட்டினனீங்களோ?"