ஒல்லை விடுதலை

விளங்கும் ஆணைக்கு ஒருமுறையும் விளங்காத ஆணைக்கு விடாமலும் கைதட்டும் நாடு ஒன்று இருந்தது.

அங்கே செவ்வந்தியின் கணவன் மாடக்கண்ணு சிறையில் இருந்தான். ஏரி நிறையத் தண்ணீர் கிடக்கப் பயிர் கருகியது. பொறுக்காமல் அரசரின் மதகைத் திறந்துவிட்டான். செவ்வந்தி கருணை மனு கொடுத்தாள். அரசர் இரங்கினார். சதுக்கத்தில் முரசறைந்து ஆணையை வாசித்தார்கள்: "மாடக்கண்ணு ஒல்லை விடுவிக்கப்படுவான்."

கைதட்டல் ஓயவில்லை. செவ்வந்தியும் தட்டினாள்.

மறுநாள் சோற்றுத்தூக்கோடு சிறைவாசலில் நின்றாள்.

"இன்னிக்கு விட்டுருவீங்களாய்யா?"

"ஒல்லைன்னுல்ல போட்டிருக்கு. இன்னிக்குன்னு எங்க இருக்கு?" என்றான் காவலன்.

"ஒல்லைன்னா?"

"யாருக்குத் தெரியும் தாயி? தெரியாததைச் செஞ்சா என் பொழப்பு போயிரும்."

சொல்லமைச்சரிடம் போனாள்.

"விரைவாக என்று பொருள், அம்மையே. வழக்கொழிந்த சொல். நம் அரசர் அரிய சொற்களையே ஆள்வார்."

"அப்ப சீக்கிரம் வந்துருவாருல்ல?"

"பதறக் கூடாது. சொல்லின் பொருள் ஏட்டில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது. அரசு அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பொறுத்திருந்து பார்ப்போம்."

பிறகு எல்லா ஆணைகளிலும் அச்சொல் வந்தது. மதகு ஒல்லை திறக்கப்படும். தானியம் ஒல்லை வழங்கப்படும். வயல்கள் பாளம் பாளமாக வெடித்தன. சொல்லுக்குப் பொருள் கேட்பது அரச நிந்தனை என்று சட்டம் வந்தது. செவ்வந்தியின் மகன் பேச்சிமுத்து சிறைவாசலில் நின்று, "எங்கப்பாவ எப்பய்யா விடுவீங்க? ஒல்லைன்னா என்னய்யா?" என்று கத்தினான். அவனையும் உள்ளே தள்ளினார்கள். அவனும் ஒல்லை விடுவிக்கப்படுவான் என்றார்கள்.

அவள் தூக்கில் இரண்டு பேருக்குச் சோறு கொண்டுபோனாள்.

கோடையில் மாடக்கண்ணு உள்ளேயே செத்துப்போனான். உடலை வெளியே கொண்டுவந்த காவலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆணை நிறைவேறிருச்சு தாயி."

சொல்லமைச்சர் மகிழ்ந்தார். பயன்பாடு கிடைத்துவிட்டது. சதுக்கத்தில் பலகை வைத்தார்கள்: "ஒல்லை – இறந்த பின்." ஊரார் எல்லோரும் நின்று வாசித்தார்கள்.

அந்நாட்டில் அரசருக்கும் தேர்தல் உண்டு. நிற்பவர் அவர் ஒருவர்தான். பலகைக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள்.

"உங்கள் துயரெல்லாம் ஒல்லை தீரும்!" என்றார் அரசர்.

இம்முறை பொருள் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் கைதட்டல் ஓயவில்லை. சிறைக்காவலன் செவ்வந்தியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருவருக்கான சோறு இருந்த தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, அவளும் தட்டினாள்.