செவ்வனே கற்பிக்க முயன்றார்

எசன், ஜெர்மனி,
12.11.1996

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய சிற்றம்பலம் அத்தானுக்கு,

1970 தொடக்கம் 1984 வரை, பதினான்கு வருடங்களாக நான் முயன்றது என்ன? முயன்றது சரிவந்ததா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கேட்டது நான் இல்லை. இங்கே ஓய்வூதிய நிதியத்தில் இருக்கும் திருமதி கூல்மான் கேட்டா. கேட்க வைத்தது நீங்கள்.

உங்களுடைய முழங்கால் நோவும் அக்காவின் சீனி வருத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். கொழும்பில் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே நான் சுகம். சுகவிசாரணை இத்துடன் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இப்போது கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் தனியாருடையது. இப்படியான பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்களுக்கென்று ஒரு ஓய்வூதிய நிதியம் இருக்கிறது. முந்தி வேறு நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்த வருடங்களையும் காசு கட்டி வாங்கி, இங்கத்தைய சேவையோடு சேர்க்கலாம் என்று இந்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நான் படிப்பித்த வருடங்களை நானே விலைக்கு வாங்குவதா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தைக்குப் போய்ச் சொந்தக் கோழியை வாங்குகிற மாதிரி. ஆனால் வாங்காவிட்டால், அவர்களுடைய கணக்கில் நான் முப்பத்தொன்பது வயதில்தான் முதன்முதல் கரும்பலகையைக் கண்டவள். விண்ணப்பம் இந்த மார்கழியோடு முடிகிறது. ஊரில் கல்வி அலுவலகத்து ஆவணங்கள் போன வருட இடப்பெயர்வில் எங்கே போயினவோ ஒருவருக்கும் தெரியாது. நான் படிப்பித்தேன் என்பதற்குச் சாட்சி, அப்போது எங்கள் வித்தியாலயத்தின் அதிபராக இருந்த நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களிடம் சேவைச் சான்றிதழ் கேட்டேன்.

அனுப்பினீர்கள். முத்திரையோடு, அழகான தமிழில்: "செல்வி பாலாம்பிகை நேரந் தவறாது சமூகமளித்தார். சக ஆசிரியர்களுடன் கலகலப்பாகப் பழகினார். கணித பாடத்தைச் செவ்வனே கற்பிக்க முயன்றார். எதிர்காலத்தில் அவருக்கு வெற்றி கிட்ட வாழ்த்துகிறேன்."

மச்சாள் என்பதற்காகப் புளுகினேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாதென்று அளந்து அளந்து எழுதியிருக்கிறீர்கள் என்பது விளங்கியது. எனக்கும் புகழ்ச்சி பிடிக்காது; பரவாயில்லை என்று விட்டேன். கலகலப்பு என்ற சொல்லைக் கண்டதும் மட்டும், வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டதோ என்று பெயரை இன்னொரு தரம் பார்த்தேன். இங்கே மொழிபெயர்ப்பாளர் கனகலிங்கம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் ஆக்கித் தந்தார். போன கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திருமதி கூல்மான் வாசித்தா. கண்ணாடியைக் கழற்றினா. பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்தா.

"உங்களுக்கும் அந்த அதிபருக்கும் ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையே. அவர் என்ரை அக்காவின்ரை புருசன்."

"ஓ, அப்ப குடும்பப் பிரச்சினை."

அத்தான், இந்த நாட்டிலை ஒருத்தரைப் பற்றியும் சான்றிதழிலை குறையாக எழுதப்படாதாம். சட்டமாம். அதாலை கூடாததை எல்லாம் நல்ல சொல்லுகளாலைதான் எழுதுவினமாம்; வாசிக்கிற அதிகாரிமாருக்கு மட்டும் அது விளங்குமாம். நேரந் தவறாமல் வந்தா எண்டால், வந்ததைத் தவிர அவவைப் பற்றிச் சொல்ல வேறை ஒண்டும் இல்லையாம். கலகலப்பாகப் பழகினா எண்டால், வேலை நேரத்திலை குடிக்கிறவவாம். குடி! தேத்தண்ணி குடிக்கக்கூட ஆசிரியர் அறைப் பக்கம் போகாமல் வகுப்பிலேயே இருந்து கொப்பி திருத்தினவள் நான். "பாலாவுக்கு ஒரு கட்டுக் கொப்பி காணும், மனுசர் தேவையில்லை" எண்டு அக்காவுக்குச் சொல்லிச் சிரிச்சது நீங்கள்தான், மறந்துபோனீங்களோ? எதிர்காலத்திலை வெற்றி கிட்ட எண்டு வாழ்த்தினால், இதுவரைக்கும் கிட்டேல்லை எண்டு அர்த்தமாம். எல்லாத்துக்கும் மேலாலை இந்த "முயன்றார்". முயன்றா எண்டால், பாவம், ஏலாமல் போச்சு எண்டுதான் கருத்தாம். அதுக்குக் கீழை வேறை சொல்லே இல்லையாம். முயற்சி எண்டது எங்கடை பக்கம் பெரிய மரியாதை எண்டு நான் சொல்லிப் பாத்தன். "இருக்கலாம். ஆனால் விதியிலை வெற்றிகரமாகக் கற்பித்த காலம் எண்டுதான் இருக்கு, முயன்ற காலம் எண்டு இல்லை" எண்டா. அதுக்குப் பிறகுதான், முயன்றது சரிவந்ததோ எண்ட அந்தக் கேள்வியைக் கேட்டவ. காசு கட்டப்போறது நான். வாங்கப்போறது என்ரை சொந்த வருஷங்கள். பூசணிக்காய் வாங்கிறவள் காயைத் தட்டிப் பாக்கிறதைக் கண்டிருக்கிறன்; விக்கிறவன் வாங்கிறவளைத் தட்டிப் பாக்கிறதை இங்கைதான் கண்டன்.

ஆனபடியால் உடனடியாகப் புதுச் சான்றிதழ் ஒன்று எழுதி அனுப்புங்கோ. என்ன எழுதவேணும் எண்டு திருமதி கூல்மானே சொல்லித் தந்தவ: "எப்போதும், எல்லா வகையிலும், எமக்கு மிக மிக முழுமையான திருப்தி அளிக்கும்படி கற்பித்தார்." வெறுமனே முழுமை எண்டால் இரண்டாந் தரமாம், முழுமையை விட முழுமை எண்டால்தான் முதல் தரமாம். நூறு வீதத்துக்கு மேலை எப்பிடிப் போறது எண்டு கணித ஆசிரியையாகிய நான் கேக்கேல்லை. நீங்களும் கேக்காதேங்கோ. கலகலப்பை எடுத்துவிடுங்கோ.

அது வந்து சேருமட்டும் சும்மா இருக்க ஏலாது. என்னட்டைப் படிச்ச பிள்ளை ஒருத்தி வந்து சாட்சி சொன்னாலும் யோசிக்கலாம் எண்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லி ரேர்மின் தந்திருக்கிறா. எசனிலை அப்பிடி இருக்கிறது கொறற்றி ஒருத்திதான். உங்களுக்கும் நினைவிருக்கும், எட்டாம் வகுப்பிலை கடைசி வாங்கிலை இருந்து கதைச்சுக்கொண்டேயிருந்த பிள்ளை. இப்ப பேக்கரி ஒண்டிலை வேலைக்கு நிக்கிறாள். மெஷின் சொல்ல முந்தி மிச்சக் காசு அவள் சொல்லிப்போடுவாள். அது ஆர் படிப்பிச்ச கணக்கு? இதை விட வெற்றி என்ன வேணும்? "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, பிள்ளை" எண்டு சொல்லியிருக்கிறன். "நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ மிஸ், நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டாள். அதுதான் பயமாக்கிடக்கு.

உங்களுடைய நேர்மையில் எனக்கு என்றும் மதிப்பு உண்டு. இந்த ஒரு தரம் மட்டும் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டாம். அவ உங்களோடு சண்டைக்கு வருவா, நியாயமும் அவ பக்கம்தான் இருக்கும். உங்கள் இருவரது எதிர்காலமும் நன்றாக அமைய வாழ்த்துகிறேன். (தமிழ் அர்த்தத்தில்.)

இப்படிக்கு,
உங்கள் மச்சாள்
பாலாம்பிகை

பி.கு. 13.11.1996. கடிதம் இன்னும் தபாலில் போடவில்லை. போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"இவ உங்களுக்கு வெற்றிகரமாகப் படிப்பிச்சவவோ?" என்று திருமதி கூல்மான் கேட்டா.

கொறற்றி நிமிர்ந்து இருந்து, என்னுடையதை விட நல்ல ஜெர்மனில் சொன்னாள்: "பின்னை? வாய்ப்பாடு பிழைச்சால் அடிமட்டத்தாலை விரல்மொழியிலை போடுவா. இண்டைக்கும் ஏழெட்டு எண்டு கேட்டால் எனக்குக் கை கூசும்!" கையையும் நீட்டிக் காட்டினாள். முகம் முழுக்கப் பெருமை.

திருமதி கூல்மானின் பேனை நின்றது. "பிள்ளைக்கு அடிச்சதை எழுதினால் நான் மேலிடத்துக்கு அறிவிக்கவேணும். விசாரணை வைப்பினம். மார்கழிக்குள்ளை முடியாது." என் முகத்தைப் பார்த்தா. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தா. பிறகு கொறற்றியிடம், "ஏழெட்டு எத்தினை?" என்றா.

"ஐம்பத்தாறு!" பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும்.

"வெற்றிகரம்" என்று எழுதி முத்திரை குத்தினா. பதினான்கு வருடங்களும் ஏற்கப்பட்டன.

வெளியே ட்ராமுக்கு நிற்கும்போது நான் கொறற்றிக்கு நன்றி சொன்னேன். அவள் வெட்கப்பட்டாள். "மிஸ், ஓ.எல். சோதினையிலை நான் கணக்கு மூண்டு தரம் பெயில் எல்லோ. நீங்கள் அதுக்கு முந்தி வெளிக்கிட்டிட்டியள், உங்களுக்குத் தெரியாது. கணக்கு நான் பேக்கரியிலைதான் பழகினனான். உங்களிட்டை வந்தது அந்த ஏழெட்டு மட்டும்தான்."

ஆகவே அத்தான், புதுச் சான்றிதழ் வேண்டாம். "முயன்றார்" அப்படியே இருக்கட்டும். கலகலப்பை மட்டும் வெட்டிவிடுங்கள்.