ஏழாம் பரணும் ஒரு கைப்பிடியும்

கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

சிக்ஸ்டன் அதை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தான். வேட்டைத் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டின் கைப்பிடி அது. துப்பாக்கியில் இருந்தால்தான் அதற்கு மரியாதை. அதுவும் மாமனார் யால்மாரின் துப்பாக்கி. அதுவும் யாரும் கேட்காமலே, நல்ல பெயர் வாங்கலாமென்று இவன் எண்ணெய் போட உட்கார்ந்தபோது.

சனிக்கிழமை மதியம். திங்கட்கிழமை விடிந்தால் கடமான் வேட்டை. அன்று மாலையே ஊர் வேட்டைக் குழு கூடி, சிக்ஸ்டனைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். ஒரே ஒருவர் தலையசைத்து மறுத்தாலும் போச்சு. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்து இந்த வடக்குச் சீமைப் பெண்ணைக் கட்டி ஆறு வருஷம். ஆறு வருஷமும் குழுவுக்குக் காபி பிளாஸ்க் தூக்கியதுதான் மிச்சம்.

மனைவி இங்காலில் வாசற்படியில் வந்து நின்றாள். "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா கைய எதுக்கு முதுகுக்குப் பின்னால வச்சிருக்க?"

காட்டினான்.

"அடப்பாவி! வியாழக்கிழமைதான குன்னெல் அக்கா எல்லார் துப்பாக்கியையும் வாங்கிப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு திருப்பிக் குடுத்தாங்க!"

"அதான் வம்பே. குழுத் தலைவி கையால குடுத்தப்போ நல்லா இருந்திச்சு. நான் தொட்டேன், போச்சு."

"அப்பாகிட்ட சொல்லிடு. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"ஒண்ணும் சொல்ல மாட்டாருங்கறதுதான் பயமே."

உண்மைதான். கல்யாணத்தன்று யால்மார் மாப்பிள்ளையிடம் பேசியது மூன்று வார்த்தை. அதில் இரண்டு மழையைப் பற்றி.

மூன்று நொடியில் ஒட்டும் என்று பசைக் குப்பியில் போட்டிருந்தது. பொய்யில்லை. மூன்றே நொடியில் கைப்பிடி அவன் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. இரவுச் சாப்பாட்டில் ஒரு கையை மேசைக்கடியில் ஒளித்து, மறு கையால் உருளைக்கிழங்கைத் துரத்திக்கொண்டிருந்தான்.

யால்மார் நிமிர்ந்து பார்த்தார். "கை?"

"சுளுக்கு, மாமா."

"ம்."

வெந்நீரில் ஊறவைத்துப் பிய்த்ததில் கொஞ்சம் தோலும் கைப்பிடியோடு போனது. மறுநாள் ஞாயிறு காலை, போல்ட்டைத் தனியே கழற்றிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஏவெர்ட்டின் பட்டறைக்கு ஓடினான். ஏவெர்ட் குழுவில் மூத்தவர். இருபது வருஷமாக டிராக்டருக்கும் பனிவண்டிக்கும் வெல்டிங் வைக்கிறவர்.

அவர் பிரித்துப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். "பேசாம லேசாப் பசை வச்சு விட்டுடேன்டா."

"அண்ணே, நாளைக்கு வேட்டை! மாமா இழுக்கும்போது கழண்டா என் மானம் போயிடும்."

"கழண்டா கழலுது."

"அண்ணே!"

ஏவெர்ட் பெருமூச்சோடு வெல்டிங் வைத்துக் கொடுத்தார். வீட்டில் கொண்டுவந்து மாட்டினால், கைப்பிடி வானத்தைப் பார்த்தது. போல்ட்டைத் திருப்பினால் மேலே இருக்கும் டெலஸ்கோப்பில் இடித்தது.

போன் போட்டான். "கோணலா இருக்குண்ணே!"

"அப்படியா? கண்ணு முந்தி மாதிரி இல்லப்பா. சுத்தியல்ல தட்டிப் பாரு."

தட்டினான். கைப்பிடி ஜன்னல் வழியாகப் பறந்து செந்தட்டிப் புதருக்குள் விழுந்தது. அரை மணி நேரம் தேடியதில் கை இரண்டும் பணியாரமாக வீங்கியதுதான் கண்டபலன்.

எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு துப்பாக்கிக் கடைக்காரி இருந்தாள். வேட்டைக்கு முந்தின நாள். கடை முழுக்க, கடைசி நேரத்தில் துப்பாக்கியைத் தூக்கி வந்த அசட்டு முகங்கள். சிக்ஸ்டனின் வீங்கிய கையையும் தோலுரிந்த கட்டைவிரலையும் பார்த்து இரக்கப்பட்டு, அவனை முன்னால் கூப்பிட்டாள். பளபளவென்று புதுக் கைப்பிடி வைத்துக் கொடுத்தாள்.

"யானை மிதிச்சாலும் இனி கழலாது" என்றாள்.

அவளைக் கட்டிக்கொள்ளாத குறை.

திங்கட்கிழமை அதிகாலை, குழுத் தலைவி குன்னெல் தொப்பியை நீட்ட, யார் எந்தப் பரணில் காத்திருப்பது என்று எல்லோரும் சீட்டு எடுத்தார்கள். யால்மாருக்கு வழக்கம்போல ஏழாம் பரண். பதினோரு வருஷமாக ஒரு மானும் அடிக்காத மனிதர் அவர். ராசியில்லாத ஆள் என்று ஊரில் பேச்சு. மாமனாரும் மருமகனும் பரணில் ஏறி, காட்டைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள்.

அப்போது நாற்பது தப்படியில் பிர்ச் மரங்களை விலக்கிக்கொண்டு வந்து நின்றது, குதிரையைவிட உயரமான ஒரு கொம்பன் கடமான்.

மிருகத்தைக் கண்ட பிறகுதான் யால்மார் தோட்டா ஏற்றுவார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். போல்ட் வெண்ணெய்போல நகர்ந்தது. அவர் முகம் மாறியது. கைப்பிடியை வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்தார். அசையவில்லை. மறுபடியும் இழுத்தார்.

"கழலாது, மாமா" என்று சிக்ஸ்டன் பெருமையோடு கிசுகிசுத்தான். "சுடுங்க!"

யால்மார் மானைப் பார்த்தார். மான் யால்மாரைப் பார்த்தது. அவர் நெற்றியில் வியர்வை. பிறகு துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்து, பிளாஸ்க் மூடியை எடுத்து, பரண் கட்டையில் டங்கென்று தட்டினார். மான் போய்விட்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது. குன்னெல். "ஏழு, உங்க பக்கம்தான வந்திச்சு?"

"துப்பாக்கி மக்கர்" என்றார் யால்மார்.

"சரி சரி, காபி குடிங்க."

சிக்ஸ்டன் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். நான் செய்த கோளாறில் பாவம் மனிதர் சுடவே பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

மாலை, குழுக் குடிசையில் எல்லோர் முன்னாலும் சூப் கிண்ணம். உறவுக்காரர் ஓட்டெடுப்பில் உட்காரக் கூடாது. யால்மார் குளியல் குடிலுக்கு விறகு போடப் போயிருந்தார்.

"சிக்ஸ்டன் விஷயத்துல யாருக்காவது ஆட்சேபணை?" என்று குன்னெல் ஆரம்பித்தாள்.

"எனக்கு இருக்கு, அக்கா." சிக்ஸ்டனே எழுந்து நின்றான். உடைத்தது, ஒட்டியது, பற்றவைத்தது, பறந்தது, புதிதாக மாட்டியது எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினான். "மாமா ராசியில்லாதவர் இல்ல. இன்னிக்கு அந்த மான் தப்பினது என்னாலதான்."

ஏவெர்ட் தன் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குன்னெல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உட்காருடா. மானோட கண்ணப் பாத்தா அவரால சுட முடியல, அத வாய்விட்டுச் சொல்லவும் முடியல. பதினோரு வருஷமா நாங்கதான் ஆளுக்கொரு வருஷம்னு முறை வச்சு, இழுத்ததும் கழலுற மாதிரி அந்தக் கைப்பிடிய ஒட்டிக் குடுக்கறோம். நாளைக்கே அந்தப் புதுசை அறுத்தெடு, அடுத்த வருஷம் உன் முறை."