ஒரு டப்பா தூசி

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த நேரத்தில் என் ஒரு கையில் பிரஷ், மறு கையில் பக்கெட், காலுக்கடியில் பாத்ரூம் தரை. அதனால் சபதத்தை மனசுக்குள்ளேயே எடுத்துக்கொண்டேன். சத்தமாக எடுத்தால் என்ன ஆகும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஆகாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

என் மனைவி மாத்திரை கம்பெனியில் தரப் பரிசோதகர். தட்டில் ஐந்நூறு மாத்திரை போனால் ஓரம் உடைந்த ஒன்றை எட்டடி தள்ளி நின்று கண்டுபிடித்துவிடுவாள். அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருகிறாள். கழற்றி வைத்துவிட்டு வர அது மூக்குக்கண்ணாடி இல்லையே. வாரத்தில் ஆறு நாள் மாத்திரையைப் பரிசோதிப்பாள், ஏழாவது நாள் என்னை. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பாத்ரூம் கழுவு, ஃபேன் துடை, துணி மடி, வெங்காயம் உரி. கூரியர் ஆபீசில் பார்சலை எடை போடும் எனக்கு, ஓய்வு என்றால் அது திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன பிறகுதான்.

பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தபோது சின்ன அறையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

போனேன். கையில் ஈரத்துணியோடு என் டிவி ரேக் முன்னால் நின்றாள். வீட்டிலேயே என் பொறுப்பில் இருந்த ஒரே இடம் அது. அதனால் வீட்டிலேயே தூசி இருந்த ஒரே இடமும் அதுதான்.

“இது என்னதுங்க?”

“வீடியோ கேம்.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல டிவி.”

“கேம் மேல படிஞ்சிருக்கே, அதைக் கேட்டேன். இன்னைக்கு நான் துடைக்கிறேன். இல்லைன்னா யாருக்காவது தூக்கிக் கொடுத்துடறேன்.”

என் பிரம்மச்சாரி காலத்துச் சொத்து அது. ஒரு கேம் பெட்டி, அதில் செருக ஒன்றுக்கு ஒரு விளையாட்டாகப் பதினேழு கேட்ரிட்ஜ். அந்தப் பதினேழில் ஒன்றுதான் எனக்கு உயிர். ஒரு தவளை நாற்பது மாடிக் கோபுரத்தில் தாவித் தாவி ஏறும், விட்ட மாடியை கேம் ஞாபகம் வைத்திருக்கும். உச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் பன்னிரண்டாவது மாடி வரை ஏற்றிவிட்டேன். பிறகு கல்யாணம். தவளை அங்கேயே நின்றுவிட்டது. நானும்தான். அதை நாற்பதாவது மாடியில் பார்த்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. சிரிக்காதீர்கள், அவரவருக்கு ஒரு ஆசை.

“ஈரத்துணியா! ஐயோ, கைய எடு!” என்று கத்தினேன். “இது என்ன சாப்பாட்டு மேஜையா? இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. முதல்ல பிளக்கைப் பிடுங்கணும். காஞ்ச, மெல்லிசான பிரஷ்ல மேல் தூசியைத் தட்டணும். இடுக்குல காத்தடிக்கிற பம்ப்பை வெச்சு விட்டு விட்டு அடிக்கணும். கேட்ரிட்ஜை வாயால ஊதவே கூடாது, எச்சில் ஈரம் பட்டா உள்ள இருக்கிற தகடு கறுத்துடும். பஞ்சுக் குச்சியில ஸ்பிரிட்டைத் தொட்டும் தொடாம தொட்டு, அந்தத் தகட்டைத் துடைக்கணும். நல்லா காயணும். அப்புறம்தான் செருகணும். பதினேழு கேட்ரிட்ஜ்!”

அத்தனையும் கீழ்வீட்டு ஏசி மெக்கானிக் படிக்கட்டில் வைத்து எனக்குச் சொன்னது. அதை ஏன் இவளிடம் சொல்ல வேண்டும்?

“இவ்வளவு தெரிஞ்சுமா இத்தனை வருஷம் இப்படி வெச்சிருந்தீங்க?”

“எனக்கு இதெல்லாம் தூசு.”

“அதான் கண்ணுக்குத் தெரியுதே. எவ்வளவு நேரம் ஆகும்?”

அந்த நொடியில்தான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்யும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஆகும்.

“மூணு மணி நேரம். பத்து மணிக்கு ஆரம்பிச்சா ஒண்ணு ஆகிடும். கதவைச் சாத்திக்கணும், காத்துல புதுத் தூசி வரும். நடுவுல யாரும் திறக்கக் கூடாது.”

“சரி, செய்யுங்க.”

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உண்மையான வேலை நாற்பதே நிமிஷத்தில் முடிந்தது. வாயால் ஊதக் கூடாது என்று உபதேசம் செய்த நான், அதை மூன்று மணி நேரமாக ஊதிப் பெரிசாக்கினேன். மீதி நேரம் டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டுத் தவளையை ஏற்றினேன். பதினாறாவது மாடி! வெளியே அவள் வெங்காயம் உரித்தாள். என் கண்ணில்தான் நீர், ஆனந்தத்தில்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பிரஷோடு அறைக்குக் கிளம்பினேன். அவள் முன்னால் போய்ப் பெட்டி மேல் ஒரு விரலை ஓட்டினாள். விரலை வெளிச்சத்தில் பார்த்தாள்.

“தூசியே இல்லையே. போன வாரம் பிரமாதமா துடைச்சிருக்கீங்க. வாங்க, பாத்ரூம் காத்துட்டு இருக்கு.”

நன்றாகச் செய்த வேலைக்குத் தண்டனை. அன்று தரையைத் தேய்த்தபடியே யோசித்தேன். தூசி இருந்தால்தான் எனக்கு ஞாயிறு. ஆனால் என் மனைவி இருக்கும் வீட்டுக்குள் நுழையத் தூசிக்கே பயம். அதற்கு நானாகப் போய்த்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இறங்கி மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“வாங்க சார். ஏசி ஏதாவது பிரச்சினையா?”

“ஏசி நல்லா இருக்கு. எனக்குக் கொஞ்சம் தூசி வேணும்.”

“என்ன வேணும்?”

“தூசி. ஃபில்டர்ல தட்டுவீங்களே, அது. ஒரு டப்பா.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சார், எல்லாரும் தூசியை எடுத்துட்டுப் போங்கன்னுதான் கூப்பிடுவாங்க. கொடுங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.”

“ஒரு ஆராய்ச்சி.”

“வீட்டுத் தூசியா, ஆபீஸ் தூசியா? ஆபீசுது நைசா இருக்கும்.”

“நைசாவே கொடுங்க.”

கொடுத்தார். மனிதர் தன் தொழிலில் கெட்டிக்காரர். அந்தத் தூசி அவ்வளவு மென்மை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் குளிக்கப் போனதும் ஒரு பழைய டீ வடிகட்டியில் தூசியைப் போட்டு, பெட்டி மேலும் கேட்ரிட்ஜ் மேலும் சீராகச் சலித்துவிட்டேன். மனைவியின் கண்ணில் மண்ணைத் தூவினேன் என்று சில புருஷர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். நான் நிஜமாகவே தூவினேன், வடிகட்டி வைத்து.

ஞாயிறு காலை அவள் விரலை ஓட்டினாள்.

“அடேங்கப்பா! ஒரே வாரத்துல இவ்வளவா?”

“காலம் கெட்டுப் போச்சு. எங்க பார்த்தாலும் தூசி.”

“வேற எங்கயும் இல்லைங்க. இங்க மட்டும்தான். அதுவும் மூலை முடுக்கெல்லாம் ஒரே அளவா படிஞ்சிருக்கு. நல்ல தரமான தூசி.”

“கரண்ட் சாமான் தூசியை இழுக்கும். அது விஞ்ஞானம்.”

“ஓ” என்றாள். அவளுடைய “ஓ”வில் பல ரகம் உண்டு. இது எந்த ரகம் என்று பார்க்க எனக்கு நேரமில்லை, தவளை காத்திருந்தது.

இப்படியே நாலு ஞாயிறு. தவளை முப்பத்தேழாவது மாடிக்குப் போய்விட்டது. இன்னும் மூன்றே மாடி. வார நாளில் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போய் ஒரே ஸ்கூட்டரில் திரும்புகிறவர்கள். ஆகவே ஐந்தாவது ஞாயிற்றுக்காக நான் காத்துக் கிடந்தேன்.

அன்று பத்து மணிக்கு அறை வாசலில் ஒரு உருவம் நின்றது. தலையில் வலைத்தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் உறை, உறை போட்ட கையில் ஸ்பிரிட் பாட்டில். மாத்திரை கம்பெனியே எழுந்து வந்துவிட்டதோ என்று பார்த்தால், என் மனைவி.

“நகருங்க. இனிமே நான் பார்த்துக்கறேன்.”

“நீயா? உனக்கு எதுக்கும்மா சிரமம்?”

“வாராவாரம் இந்தத் தூசியில மூணு மணி நேரம் மூடின அறையில உட்கார்றீங்க. உங்க நுரையீரல் என்னத்துக்கு ஆகும்? எனக்கு மனசு கேட்கலை.”

“இது பழகின கைக்குத்தான் வரும்.”

“பிளக்கைப் பிடுங்கணும், காஞ்ச பிரஷ், வாயால ஊதக் கூடாது, தகட்டுக்கு ஸ்பிரிட், நல்லா காயணும். சரிதானே?”

சரிதான். ஒன்றுகூடத் தப்பில்லை.

“மூணு மணி நேரம் ஆகுமே...”

“பரவாயில்லைங்க, உங்களுக்காக. வெங்காயம் கூடையில இருக்கு. கதவைத் திறந்துடாதீங்க, காத்து வரும்.”

கதவு சாத்திக்கொண்டது. நான் வெங்காயம் உரித்தேன். நாற்பதாவது நிமிஷம் உள்ளே டக் என்று டிவி ஸ்விட்ச் சத்தம். பிறகு நிசப்தம். எனக்கு அந்த நிசப்தத்தைத் தெரியும், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“உள்ள என்ன பண்றே?”

“துடைக்கிறேன். நீங்க இத்தனை வாரமா பண்ணினீங்களே, அதையேதான் பண்றேன்.”

“நீ விளையாடுகிறாய்” என்று சொன்னால், “எப்படித் தெரியும்?” என்று கேட்பாள். திருடன் வீட்டில் திருடு போனால் போலீசுக்கா போக முடியும்? அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போன பத்து நிமிஷத்தில் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். என் தவளை முப்பத்தேழில் பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே புதிதாக இன்னொரு தவளை. இருபத்தொன்பதாவது மாடி. நான் இத்தனை வருஷமாக ஏறியதில் முக்கால்வாசியை ஒரே ஞாயிற்றில் ஏறியிருந்தாள்! என்னை ஒரு தூசாகக்கூட மதிக்காத தவளை. எனக்கு அழுகை வந்தது. கோபம் வந்தது. கடைசியில், மூளையும் வந்தது.

தூசியைப் போடுவது யார்? நான். நான் போடாவிட்டால்? தூசி இல்லை, துடைக்க வேலை இல்லை, அவளுக்கு அறை இல்லை. அந்தச் சனிக்கிழமை வடிகட்டியைத் தொடவில்லை. ஞாயிறு காலை சிரித்த முகத்தோடு போய் நின்றேன். பெட்டி மேல் தூசி அரை விரல் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது.

“பாருங்க, இந்த வாரம் அதிகம்” என்று வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் நேராகக் கீழே இறங்கினேன். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சார், இந்த வாரம் ஸ்டாக் இல்லை. அக்கா ரெண்டு டப்பா வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“யாரு?”

“உங்க வீட்டு அக்காதான். ‘வழக்கமா அவர் வாங்கற அதே நைஸ் தூசி’ன்னு கேட்டு வாங்கினாங்க. உங்க வீட்டுல அப்படி என்ன சார் ஆராய்ச்சி நடக்குது?”

நடந்த ஆராய்ச்சியில் எலி யார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

விடுவேனா? அடுத்த சனிக்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். அந்த அரை நாளில் பெட்டியைப் போட்டு ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குப் பழிவாங்கும் வெறி. பிளக்கைப் பிடுங்கினேன். பிரஷால் தட்டினேன். இடுக்கெல்லாம் காற்றடித்தேன். பதினேழு கேட்ரிட்ஜுக்கும் தகடு பளபளக்க ஸ்பிரிட் போட்டேன். காயவிட்டேன். வீட்டைச் சல்லடை போட்டுத் தேடி, பாத்திர அலமாரிக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்திருந்த டப்பாவையும் குப்பையில் கொட்டினேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக நேர்மையாக வேலை செய்ததால் வந்த வலி.

ஞாயிறு பத்து மணி. அவள் விரலை ஓட்டினாள். வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொரு விரலை ஓட்டினாள்.

“ஒரு பொட்டுத் தூசி இல்லையே!”

“இல்லை. இனிமேலும் வராது. அதனால உனக்கு இங்க வேலையும் இல்லை” என்றேன் கம்பீரமாக.

“அப்பாடா!” என்று மாஸ்கைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். தலையணை ஒன்றை எடுத்துப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டிவியைப் போட்டாள், முழுச் சத்தத்தோடு.

“என்ன பண்றே?”

“சுத்தமா இருக்கே, விளையாடப் போறேன். தூசியோடன்னா மிஷினுக்குக் கெடுதல்.”

“அப்போ நான்?”

“நீங்க தூசி தட்டறதுக்குத்தானே இங்க வருவீங்க? விளையாடவா வந்தீங்க?”

“சேச்சே” என்றேன்.

“அதான் எனக்கும் ஒரே குழப்பம். இதுக்குள்ள முப்பத்தேழாவது மாடியில ஒரு தவளை நின்னுட்டு இருக்குங்க. யாரோடதுன்னே தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“யாரோடதும் இல்லைன்னா எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? துடைச்சிடட்டுமா?”

அவள் கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. பன்னிரண்டு மாடி என் இளமை. மீதி இருபத்தைந்து மாடி என் ஞாயிற்றுக்கிழமைகள். மானம் போனால் போகட்டும் என்று அவள் காலடியில் சரிந்து உட்கார்ந்தேன்.

“வேண்டாம்மா! அது என் தவளை. நான்தான் ஏத்தினேன். தூசியும் நான்தான் போட்டேன், டீ வடிகட்டியில. ஒரு ஞாயிறுகூட மூணு மணி நேரம் துடைக்கலை. எல்லாம் ஒத்துக்கறேன், அதை மட்டும் விட்டுடு!”

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“போன ஞாயிறே துடைச்சாச்சுங்க. யாரோடதுன்னுதான் தெரியாம இருந்துது.”