தெற்கு பார்க்காத மேஜைகள்

பம்பாயில் எத்தனையோ ரக மனிதர்கள் உண்டு. ஓடுகிற ரயிலில் ஏறுகிறவர், ஏறியதும் அடுத்தவர் காலில் நிற்கிறவர், நிற்கிறபடியே தூங்குகிறவர். இந்த ஜாபிதாவில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேஜை நகர்த்தி. ஃபோர்ட் என்கிற கோட்டைப் பக்கம் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒருவர் இருப்பார்.

எங்கள் ஆபீசில் அவருக்குத் திருவேங்கடம் என்று பெயர். சூப்பரின்டெண்டென்ட்; மாட்டுங்காவாசி. உலகமெல்லாம் சாப்பிட்டுத் தூங்குகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், கூடத்தில் கட்டம் போட்ட காகிதத்தை விரித்து, தீப்பெட்டிகளைக் குமாஸ்தாக்களாகவும் சோப்புப் பெட்டிகளைப் பீரோக்களாகவும் நியமித்து, இங்கே தள்ளி, அங்கே திருப்பி, காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் ஒரு திட்டம் தயாரிப்பார். திங்கட்கிழமை நாங்கள் போனால் மேஜைகள் இடம் மாறியிருக்கும். "ஃபைல் தண்ணி மாதிரி ஓடணும் ஓய்!" என்பார். ஃபைல் ஓடியதோ என்னவோ, நாங்கள் முழங்காலை இடித்துக்கொண்டோம். தீப்பெட்டிக்கு ஏது முழங்கால்?

பன்னிரண்டு திட்டங்கள் பார்த்துவிட்டோம். பன்னிரண்டிலும் மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலேதான் வந்தது. எல்லாம் தற்செயல்.

பதின்மூன்றாவது திட்டம் விசாலாக்ஷியின் மேல் விழுந்தது. செம்பூரிலிருந்து வரும் டைப்பிஸ்ட் பெண், தற்காலிக வேலை. மாதக் கடைசிவரை கடிதங்கள் பிழையில்லாமல் போனால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. அந்த வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவள் மேஜை கிழக்கு ஜன்னலோரம், தெற்கு பார்த்துப் போட்டிருந்தது; இடது பக்கம் நல்ல வெளிச்சம்.

திருவேங்கடம் பதறிப்போனார்.

"தெக்க பாத்து உக்காரலாமோ? எமன் திக்கும்மா அது! வேலை நிரந்தரம் ஆகணுமோல்லியோ? உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

அவள் நன்மைக்காக அவள் மேஜை, இரண்டு இரும்புப் பீரோக்களுக்குப் பின்னால், வடக்குச் சுவரைப் பார்த்துப் போயிற்று. காலியான ஜன்னலோரத்தை வீணாக்கலாமா? அவரே அங்கே கிழக்கு பார்த்து அமர்ந்துகொண்டார்.

ஜூன் மாதம், வெளியே மழை, உள்ளே இருட்டு; விளக்கு வெளிச்சத்தையும் பீரோக்கள் மறைத்தன.

"எழுத்தே தெரியலை சார்" என்றாள் விசாலாக்ஷி.

"பழகிடும்."

பழகவில்லை. கடிதத்தில் நாற்பது பெட்டி சரக்கு நானூறாயிற்று; சென்னைக்குப் போகவேண்டிய கடிதம் கொச்சி விலாசம் தாங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தாள். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அந்தத் தடவை என் நாற்காலி நல்ல இடத்தில் விழுந்திருந்தது; இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டு, "இனி வரவேண்டாம்" என்றார். விசாலாக்ஷி அழவில்லை. "என் நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு கடிதம் படியுங்கள், பிறகு போகிறேன்" என்றாள். மனிதர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், கடிதத்தை மூக்குவரை கொண்டுபோனார். பிறகு, "இந்த இருட்டில் என்ன போட்டோ கழுவுகிறீர்களா?" என்று ஹிந்தியில் கத்தினார்.

அன்றைக்கே ஜன்னலோரம் அவளுக்குத் திரும்பியது, தெற்கு பார்த்துத்தான். அடுத்த மாதம் வேலையும் நிரந்தரமாயிற்று. எமன் வந்ததாகத் தகவல் இல்லை.

திருவேங்கடம் திருந்தினாரா? அடுத்த திங்கட்கிழமையே அந்தப் பீரோக்கள் டெஸ்பாட்ச் குமாஸ்தா பூலோகத்தின் மேஜைக்கு முன்னால் நின்றன. தாராவிக்காரரான பூலோகம் என்னிடம் வந்து, "தபால்தல ஒட்டுததுக்கு வெளிச்சம் எதுக்குங்காரு! நாக்குல கண்ணா இருக்கு?" என்று பொருமினார். இந்தத் தடவை நானும் அவரோடு மேனேஜர் அறைவரை போனேன்.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டு ஒற்றை அறையில் அலமாரியை நகர்த்தினீர்களே, "எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே? நீங்கள் பத்திரிகை படிக்கிற இடத்தில் நல்ல வெளிச்சம்தான், தெரிகிறது. சற்றே தலையைத் திருப்பிப் பாருங்கள்: இருட்டு மூலையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பது யார்?